ஸ்பானிஷ் நோட்டும் தாரணியோட நாலு மாசமும்

1

போன சனிக்கிழமையோட நாங்க ஸ்பெயினுக்கு வந்து பன்னெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளன்னைக்கு எங்க வீட்டுக்காரர் முத்து மீ நூடுல்ஸ் பெரட்டுவாரு. மலேசியாவுல எங்க ஈப்போ பாசார் பக்கத்துக் கடையில செய்யிற மாதிரியே, கொஞ்சம் கருக விட்டு, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சு. இந்த வருஷம் அவரால சட்டிகிட்ட நிக்க முடியல. நாக்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு, "தீயக் கூட்டு செல்வி, இன்னும் கூட்டு, என்னா பயம் ஒனக்கு"ன்னு அதட்டிக்கிட்டே இருந்தாரு. நான்தான் பெரட்டுனேன். ரெண்டு வாய் தின்னாரு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத் தட்ட நகத்தி வச்சுட்டாரு.

அவருக்குக் கல்லீரல்ல புத்துநோய். வேற எடத்துக்கும் பரவிடுச்சு. எனக்கு இது தெரிஞ்சது செப்டம்பர்ல. எங்க மக தாரணிக்கு ஏப்ரல் மாசமே தெரியும். பதினாறு வயசுப் புள்ள, நடுவுல நாலு மாசம் அதை ஒத்தையா வச்சுக்கிட்டு இருந்துச்சு. அது எப்படி நடந்துச்சுன்னு ஈப்போவுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்னுதான் எழுதுறேன். நான் எழுத்தாளி எல்லாம் இல்ல. ஜெலாப்பாங் ஃபேக்டரியில ஆபரேட்டரா இருந்தவ. பேசுற மாதிரிதான் வரும், பொறுத்துக்குங்க.

எல்லாரும் சிங்கப்பூருக்குப் போனாங்க, நீங்க மட்டும் என்னா ஸ்பெயின்னு கேப்பீங்க. ஃபேக்டரியில எங்க லைன மூடுன நேரம். முத்துவோட ஒண்ணுவிட்ட அண்ணே இங்க ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாரு, ஆள் வேணும்னு கூப்பிட்டாரு. இவர் அடுப்படிக்கு வந்தாரு. பின்னால நான் நாலு வயசுத் தாரணியத் தூக்கிக்கிட்டு வந்து, ஹோட்டலுங்களுக்குத் துணி வெளுக்கிற லாண்டரியில சேந்தேன். ஊர் பேரு சரகோசா. இங்கத்த ஆளுங்க வாயில அது தரகோதா. வந்த புதுசுல நான் சொல்ற ஊர்ப் பேரே பஸ்காரனுக்கு வெளங்காது.

2

ரொம்ப வருஷத்துக்கு நான் பாஷை படிக்கல. லாண்டரியில என்னா பேச்சு? ஈரத்துணி ஒரு பக்கம் போவும், காஞ்ச துணி மறு பக்கம் வரும், மடிச்சு அடுக்கணும். வீட்டுக்கு வந்தா தமிழு. முத்துவுக்கும் அண்ணே கடை அடுப்படியில தமிழ்தான். அதோட எங்க ஒலகம் முடிஞ்சுச்சு.

தாரணிக்கு ஏழு வயசு இருக்கும்போது பள்ளிக்கூடம் மாத்துனோம். முத்துவுக்கு வேலை, நான் தனியாப் போயி விண்ணப்பப் பாரம் நெரப்புனேன். ஆபீஸ்ல ஒரு அம்மா, தங்கமான மனுஷி, அப்பா எங்கன்னு கேட்டாங்க. இங்கதான் இருக்காருன்னு சொல்ல "வீவெ"ன்னு சொல்லணும். நான் யார்கிட்டயோ கேட்டு மனப்பாடம் பண்ணிட்டுப் போனது "விவியோ". அதுக்கு அர்த்தம், இருந்தாரு. அந்த அம்மா பேனாவ வச்சுட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவா என்னமோ கேட்டாங்க. எனக்கு ஒரு எழவும் புரியல. புரியலன்னா புரியலன்னு சொல்லணுமா இல்லியா? நான் தலைய ஆட்டுனேன். "சீ, சீ"ன்னேன். இங்க சீன்னா ஆமான்னு அர்த்தம். அந்த அம்மா கண்ணு கலங்கிப் போயி, அப்பா காலமாயிட்டாருன்னு எழுதிக்கிட்டாங்க.

இது எங்களுக்குத் தெரிஞ்சது மார்ச் மாசம். இங்க அப்போ அப்பாக்களுக்குன்னு ஒரு நாள் வரும். வகுப்புல எல்லாப் புள்ளைங்களும் அப்பாவுக்கு அட்டை செஞ்சுதுங்க. டீச்சர் தாரணிய மட்டும் தனியா அழைச்சுட்டுப் போயி, கட்டிப் புடிச்சு, நீ செய்ய வேணாம் கண்ணுன்னு சொல்லியிருக்காங்க. புள்ள வீட்டுக்கு வந்து அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு அப்பாவையே பாத்துச்சு. வெசயம் தெரிஞ்சதும் முத்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. "நான் செத்துட்டேனா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா லா?"ன்னாரு. தாரணி சிரிக்கல. "ம்மா, இனிமே நீ பேசாத, நான் பேசுறேன்"ன்னா. அன்னையிலேந்து கிளினிக்கு, பேங்கு, வாடகை வீட்டுக்காரம்மா, எல்லா எடத்துலயும் அவதான் எங்க வாய்.

வார்த்தை தப்பாப் போனது ஒரு பாதி. ஆனா அந்தத் தலையாட்டல் இருக்கே, அது தோட்டத்துப் பழக்கம். கோலா கங்சார் பக்கத்துல கித்தா மர, அதான் ரப்பர் மரத் தோட்டத்துல பொறந்தவ நான். விடியக்காலப் பெரட்டுல பேர் கூப்பிடும்போது தோட்டத்துக் கணக்கரு, அந்தக் கிராணி, என்னா சொன்னாலும், பாதி சொல்லும்போதே, எங்க ஆளுங்க "ஆமாங்கய்யா"ன்னுடுவாங்க. புரிஞ்சுச்சா இல்லியாங்கிறது அப்புறம். மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்க முன்னால நாங்க தெரியலன்னு சொல்லி நின்னதில்ல, தலையாட்டிக்கிட்டேதான் நின்னோம். தோட்டம் போயி அந்த எடத்துல வீடமைப்புத் திட்டம் வந்துடுச்சு. அந்தத் தலை மட்டும் எங்கூடவே ஸ்பெயினுக்கு வந்துச்சு.

3

இந்த வருஷம் ஜனவரியிலதான் வகுப்புல சேந்தேன். இத்தன வருஷம் ஆச்சே, இந்த ஊர்ப் பிரஜை ஆவலாம், பாஷைப் பரீட்சையில பாஸ் பண்ணணும்னாங்க. ஆனா மலேசியப் பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டை ஐசியையும் குடுத்துடணும், ரெண்டும் வச்சுக்க முடியாது. "நான் பேராக்காரன்லா, சாவுற வரைக்கும் ஐசியக் குடுக்க மாட்டேன்"ன்னாரு, பேரா மாநிலத்துல பொறந்த முத்து. எனக்கும் மனசு ஒப்பல. சரி, பாஷைய மட்டும் படிச்சு வைப்போம்னு போனேன்.

எங்க பேட்டையில ஒரு மண்டபம். செவ்வாயும் வியாழனும் வகுப்பு. சொல்லிக் குடுக்கிறது பிலார்னு ஒரு ஓய்வு பெற்ற டீச்சர். எழுபது வயசு, கரகரத்த தொண்டை, வெரல் முட்டியால மேசையத் தட்டித் தட்டித்தான் பாடம். ஸ்பானிஷ்ல ஒவ்வொரு வார்த்தையிலயும் ஒரே ஒரு எடத்துலதான் அழுத்தம் விழணுமாம். வினைச்சொல்லுல அந்த எடம் மாறுனா ஆளும் மாறிடும், காலமும் மாறிடும். நான் பேசுறேன்னா ஆ-ப்லொ, தட்டு மொதல்ல. அவன் பேசுனான்னா அ-ப்லோ, தட்டு கடைசியில. எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான். கடைசி எழுத்து தலையில ஒரு சின்னக் கோடு, அவ்ளோதான் வித்தியாசம்.

நமக்கு இந்தப் பழக்கமே கெடையாது. நம்ம பேச்சு தோட்டத்து லயத்து வீட்டு வரிசை மாதிரி, எல்லாம் ஒரே ஒசரம். துண்டு போடுறதுலயும் தகராறு. அம்-மா, அப்-பான்னு பழகுன வாயி, அப்-லோன்னுதான் ஒடைக்குது. பிலார் தலையில கை வச்சுக்குவாங்க. ப்-வையும் ல்-லையும் பிரிக்காத, ரெண்டையும் சேத்து அடுத்த துண்டுல ஏத்துன்னுவாங்க. நாங்க பேசிக்கிட்டு இருப்போம்னு சொல்ல அ-ப்லா-ப-மொஸ். இதுல தட்டு பின்னாலேந்து மூணாவது துண்டுல. அவன் பேசுவான்னா அ-ப்ல-ரா, தட்டு மறுபடி கடைசிக்கு ஓடிடும். சனியன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதேன்னு எனக்கு அழுகையா வரும்.

அப்புறம் ஒரு நாள் பொறி தட்டுச்சு. நம்மகிட்டதான் குறில் நெடில் இருக்கே! தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில ஆறு வருஷம் கத்துனது சும்மாவா போச்சு? ஸ்பானிஷத் தமிழ் எழுத்துல எழுதுனேன். அழுத்தம் விழுற எடத்துல நெடில், மத்த எடமெல்லாம் குறில். நான் வேலை செய்யிறேன், த்ர-பா-ஹொ. அவன் வேலை செஞ்சான், த்ர-ப-ஹோ. நான் வாரேன், யே-கொ. அவன் வந்தான், யெ-கோ. ஒரு நோட்டு பூரா இப்படி எழுதி வச்சுக்கிட்டேன். பிலார் நோட்டப் பொரட்டிப் பாத்து, இது என்னா கோலம், எனக்குப் படிக்கத் தெரியல, ஆனா ஒன் வாய் திருந்திடுச்சுன்னாங்க. அம்பத்திரண்டு வயசுல ஒருத்தங்க நல்லா படிக்கிறன்னு சொல்லும்போது எவ்ளோ சந்தோசமா இருக்கு தெரியுமா?

லாண்டரியில துணி மடிக்கும்போதெல்லாம் வாய்க்குள்ள அதே வேலைதான். வீட்டுல தாரணி எதிர்ல படிச்சுக் காட்டுவேன். அவ சிரிப்பா, திருத்துவா. சிரிக்கிறதுக்காவது எங்கூட ஒரு அரை மணி நேரம் உக்காந்தாளேன்னு இருக்கும். ஏன்னா அவ எங்களவிட்டுத் தள்ளிப் போயி ரொம்ப நாளாச்சு. பள்ளியில அவ தாரா. தமிழ் பேசுவா, எழுத வராது. ரோட்டுல எங்கூட நடக்கும்போது போனக் காதுல வச்சுக்குவா. அந்தப் பக்கம் ஆளே இருக்காது, எனக்குத் தெரியும்.

4

எங்க அப்பா கதைய இங்க சொல்லியாவணும்.

அப்பா பால்மரம் வெட்டுனவரு. எனக்கு இருபத்திரண்டு வயசுல அவருக்கு வயித்து வலி வந்து தைப்பிங் ஆஸ்பத்திரியில படுத்தாரு. தைப்பிங் மழை தெரியுமே, நான் போன நாளெல்லாம் நனைஞ்சுதான் போனேன். ஒரு நாள் டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டு, நெதானமா மலாய்ல எல்லாத்தையும் சொன்னாரு. குடும்பமாப் பேசி முடிவு பண்ணிக்குங்கன்னாரு. உள்ள போனேன். "என்னாம்மா சொன்னாரு?"ன்னு அப்பா கேட்டாரு. "வயித்துல புண்ணாம்பா, மருந்து குடுத்தா ஆறிடுமாம்"ன்னேன். நாப்பது நாள் அதே பொய்தான். ஒரு தடவகூட என் மொகம் மாறல.

நம்ம வீடுங்கள்ல இப்படித்தானே? நோயாளியத் தவிர ஊருக்கே தெரிஞ்சிருக்கும். பாக்க வர்றவங்கள வாசல் கேட்டுலயே நிறுத்தி, "அவருக்குத் தெரியாது, ஒண்ணும் கேட்டுடாதீங்க"ன்னு சொல்லித்தான் உள்ள விடுவோம். எழவு வீட்டுல எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க. செல்வி தைரியக்காரி, கடைசி வரைக்கும் அப்பனுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டான்னு. அந்தப் பெருமைய நான் விடவே இல்ல. துணி அயர்ன் பண்ணும்போது, தலை வாரி விடும்போதுன்னு தாரணிக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! பெத்தவங்க மேல பாசம் இருந்தா மகள்னா இப்படி இருக்கணும்னு சொல்லித்தான் முடிப்பேன்.

ஒரு பகுதிய மட்டும் விட்டுடுவேன். அப்பாவுக்கு ஒரு தம்பி, கோலா கங்சார்ல. ஏதோ சண்டை, எட்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. படுக்கையில கெடந்தவரு ஒரு நாள், "வீட்டுக்குப் போனதும் தம்பியப் போயிப் பாத்துட்டு வரணும்மா"ன்னாரு. "தேறி வாங்கப்பா, பஸ்ஸுல போலாம்"ன்னேன். ஒரு மணி நேரப் பயணம். ஆள் அனுப்பியிருந்தா சித்தப்பா அன்னைக்கே ஓடி வந்திருப்பாரு. திடீர்னு வந்து நின்னா அப்பா சந்தேகப்படுவாரேன்னு நான் அனுப்பல. சித்தப்பா மாலையோடதான் வந்தாரு. அப்பா காலப் புடிச்சுக்கிட்டு அவர் கத்துனத நான் தாரணிக்குச் சொன்னதே இல்ல.

5

ஏப்ரல்ல முத்துவுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. மூணு பேரும் போனோம்.

போற வழியில கதவுக்கு மேல ஒரு நீளமான வார்த்தை. எனக்குத்தான் புதுசாப் படிச்ச திமிரு ஆச்சே, நின்னு துண்டு போட்டேன். ஒன்-கொ-லொ-ஹீ-அ. அஞ்சு துண்டு, தட்டு நாலாவதுல. "சரியாம்மா?"ன்னு தாரணியக் கேட்டேன். அவ அந்தப் போர்டையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவா, "சரிம்மா"ன்னா. அது புத்துநோய்ப் பகுதின்னு அவளுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. நான் மார்க்கு வாங்குன மாதிரி சிரிச்சுக்கிட்டு உள்ள போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பொம்பளை. ரொம்ப நேரம் பேசுனாங்க. எங்க ரெண்டு பேர் மொகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துப் பேசுனாங்க. முத்து தலையாட்டுனாரு. நான் தலையாட்டுனேன். சீ, சீ. நடுவுல சிரிச்சுகூட வச்சேன், மரியாதைக்கு. புரிஞ்சுதான்னு அவங்க தாரணியக் கேட்டாங்க, அவ ஏதோ பதில் சொன்னா. அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "கல்லீரல்ல கிருமியாம். பலமான மருந்தாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஏத்தணுமாம், கொஞ்ச நாள் ஆவுமாம்"ன்னா.

"அவ்ளோ நேரம் பேசுனாங்களே?"ன்னேன்.

"இவங்க அப்படித்தான்ம்மா, இழுத்து இழுத்துப் பேசுவாங்க"ன்னா. அவ கை மட்டும் மேசை விளிம்பச் சொரண்டிக்கிட்டே இருந்துச்சு.

எனக்கு ஒண்ணுமே தோணலியான்னு நீங்க கேட்டா, நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், தோணுச்சு. கிருமிக்கு யாரு நாலு மாசம் மருந்து ஏத்துவா? வீட்டுல டிக்ஷனரி இருக்கு, அந்தப் போர்டு வார்த்தையத் தேடியிருந்தா ஒரு நிமிஷ வேலை. தேடல. எனக்குத் தெரிய வேணாம்னு இருந்துச்சு.

6

அந்தக் கோடை பூரா ஆஸ்பத்திரிக்கு அவர் கூடப் போனது தாரணிதான். எனக்கு லீவு குடுக்கல, நானும் பெருசாக் கேக்கல. கூட்டாளிங்களோட சுத்துறத விட்டுட்டா. ரூம்ல கதவச் சாத்திக்கிட்டா. எவனோ பையன் விவகாரம்னு நெனச்சு நான் வாய்க்கு வந்தபடி ஏசுனேன். ஒரு தடவ, "ஒனக்கு அப்பாவப் பத்திக் கவலையே இல்ல"ன்னுகூடச் சொன்னேன். அவ தட்டுங்கள எடுத்துட்டுப் போயிக் கழுவுனா.

முத்துவுக்கு ஒரே பேச்சுதான். "ஒடம்பு தேறட்டும் செல்வி. இந்தத் தீபாவளிக்கு முடியாது, அடுத்த தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போலாம். கூடப் பொறந்த அண்ணனப் பாக்கணும், எல்லாரையும் பாக்கணும்." அவர் இத எடுத்தா தாரணி தண்ணி குடிக்க எழுந்து போயிடுவா.

செப்டம்பர்ல பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கே டாக்டரப் பாக்குற நாளும் வந்துச்சு. தேதிய மாத்தலாம், இல்லாட்டி நான் பள்ளிக்குப் போவலன்னு தாரணி ஒத்தக் கால்ல நின்னா. மொத நாளே மட்டம் போடுவியான்னு நான் அதட்டி அனுப்புனேன். வாசல்ல நின்னு, "ம்மா, புரியலன்னா தலையாட்டாத, எனக்குப் போன் போடு"ன்னா. போற வழியில ரெண்டு தடவ கூப்பிட்டா.

ஆஸ்பத்திரியில முத்துவ ரத்தம் எடுக்க நர்ஸ் உள்ள அழைச்சுட்டுப் போயிட்டாங்க. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தாரா வரலியான்னு கேட்டாங்க. நான் நிமிந்து உக்காந்து, நானே பேசுறேன், மெதுவாச் சொல்லுங்கன்னு ஸ்பானிஷ்ல சொன்னேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோசம். படத்தத் திருப்பிக் காட்டி ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. வளந்துடுச்சு. மருந்து கேக்கல. கிருமியான்னு கேட்டேன். அவங்க பேனா நின்னு போச்சு. கிருமியா? இல்லியே, நான் ஏப்ரல்லயே ஒங்க மககிட்ட எஸ்ப்ளிகேன்னாங்க. விளக்கிச் சொன்னேன்னு அர்த்தம். தட்டு கடைசியில விழுந்துச்சு, நடந்து முடிஞ்ச காரியம்.

நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு எவ்ளோ அமைதியாக் கேட்டுக்கிட்டீங்க, இப்படி ஒரு தைரியமான குடும்பத்த நான் பாத்ததே இல்லன்னு நர்ஸுங்ககிட்டக்கூடச் சொன்னேனேன்னாங்க. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அவங்களுக்கு வெளங்கிடுச்சு, மொகம் வெளுத்துப் போச்சு. ஒரு தாள்ல எழுதிக் காட்டுனாங்க. அதுக்கு டிக்ஷனரி வேணாம், மலாய்லயும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், கான்சர்.

மொதல்ல எனக்கு வந்தது கோவம். பெத்த தாய்கிட்ட மறைப்பாளா, வரட்டும் வீட்டுக்குன்னு பல்லக் கடிச்சேன். அடுத்த நொடியே, தலை வாரிக்கிட்டே நான் சொன்ன கதை எல்லாம் ஞாபகம் வந்துச்சு. பாவி, நான்தானே சொல்லிக் குடுத்தேன்! நான் எப்படிச் செஞ்சேனோ அப்படியே செஞ்சிருக்கு புள்ள. நானாச்சும் இருபத்திரண்டு வயசுல செஞ்சேன், ஊர்ல பாதி பேருக்குத் தெரிஞ்சு எங்கூட அழுதாங்க. இவளுக்கு யார் இருந்தா? அவருக்குத் தெரியணும், நான் சொல்லட்டுமான்னு டாக்டர் கேட்டாங்க. எங்க பாஷையில நானே சொல்றேன்னேன். அதுக்குள்ள முத்து சட்டைக் கைய எறக்கி விட்டுக்கிட்டே வந்து, "முடிஞ்சுதா? கெளம்பலாமா?"ன்னாரு.

7

டிராம்ல ஏறி உக்காந்ததும், "என்னா சொன்னாங்க?"ன்னாரு.

கிருமி கொஞ்சம் கூடியிருக்காம். அந்த வாக்கியம் என் வாயில தயாரா இருந்துச்சுங்க. யோசிக்கவே வேணாம், தானா வரும். முப்பது வருஷமா எனக்குள்ள இருக்கிற வாக்கியம். சித்தப்பா அன்னைக்குக் கத்துனது மட்டும் ஞாபகத்துல இல்லாட்டி சொல்லியே இருப்பேன்.

"ஏங்க, அது கிருமி இல்ல. புத்துநோயி. பரவிடுச்சு. மருந்து கேக்கல. எவ்ளோ நாளுன்னு சொல்ல முடியாதாம், ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டமாம்."

அவர் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அடுத்த நிறுத்தம் வந்ததும் எழுந்துட்டாரு. இது நம்ம எடம் இல்லன்னேன், "எறங்கு"ன்னாரு. எதிர்ல ஒரு பெஞ்சு. அன்னைக்கும் இந்த ஊர்க் காத்து மூஞ்சியில அறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உக்காந்து சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டு, "தாரணிக்குத் தெரியுமா?"ன்னாரு.

"ஏப்ரல்லேந்து தெரியும்."

அப்பதான் மனுஷன் ஒடஞ்சாரு. ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்குற மாதிரி அழுதாரு. "நான் சாவுறதுக்கு அழல செல்வி. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ரூம்ல, எனக்கு எப்ப சரியாவும்னு கேளும்மா, கேளும்மான்னு அந்தப் புள்ளையத்தானே கேக்க வச்சேன். அதுவும் கேட்டுச்சே. கேட்டுட்டுத் திரும்பி எங்கிட்ட, சீக்கிரம்பான்னு சொல்லுச்சே"ன்னாரு. நான் அவர் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அழுது முடிச்சு மூக்கத் தொடச்சுக்கிட்டு, "அடுத்த தீபாவளி என்னா அடுத்த தீபாவளி? இந்த வருஷமே போறோம், டிக்கெட்டப் பாரு"ன்னாரு.

8

அடுத்த மாசம் வாரோம். ஈப்போ ஜெலாப்பாங்ல முத்துவோட அண்ணே வீட்டுலதான் இருப்போம். பாக்க வர்றவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு வாசல் கேட்டுகிட்ட நின்னு என் காதுல கேக்க வேணாம். தெரியும். நல்லாத்தான் இருக்கீங்கன்னு யாரும் கதை விட வேணாம். அவர் கூட மனத்தாங்கல் இருக்கிறவங்க இருந்தாலும் வாங்க, பேசிடுங்க. தாரணியத் தைரியக்காரின்னு மட்டும் தயவு பண்ணி யாரும் சொல்லிடாதீங்க.

பெஞ்சுல உக்காந்திருந்த அன்னைக்கே சாயங்காலம் அவ பள்ளியிலேந்து வந்தா. பையக்கூட எறக்கல. மொதல்ல என் மொகம், அப்புறம் அப்பா மொகம். "என்ன சொன்னாங்க?"ன்னு எங்கிட்ட ஸ்பானிஷ்ல கேட்டா. முத்துதான் பதில் சொன்னாரு, தமிழ்ல.

"எல்லாத்தையும் சொல்லிட்டாங்கம்மா. அம்மாவுக்குப் புரிஞ்சுச்சு. எங்கிட்டயும் சொல்லிட்டா."

"இல்லப்பா. அம்மாவுக்கு ஸ்பானிஷ் சரியா வராது. தப்பாக் கேட்டிருக்கும். கிருமிதான்பா அது. நான் நாளைக்குப் போன் பண்ணிக் கேக்குறேன்"ன்னா. கொரல் நடுங்கல. கண்ணு சிமிட்டல. அடிப்பாவி மகளேன்னு இருந்துச்சு எனக்கு. அத்தன சுத்தமாச் சொன்னா.

"தாரணி, போதும்மா."

"நெஜமாப்பா. அம்மாவுக்கு எந்த எடத்துல அழுத்தணும்னே தெரியாது. நீங்களே பாத்திருக்கீங்கல்ல. அவங்க வேற என்னமோ சொல்லியிருப்பாங்க, இவங்க—"

"போதும். இனிமே ஆஸ்பத்திரிக்கு நீ வர வேணாம்."

அவ நின்ன எடத்துலயே நின்னா. "அப்போ நான் என்ன செய்யறது?"ன்னா. கொரல் அப்பதான் ஒடஞ்சுச்சு.

"ஒண்ணும் செய்யாத. இங்க வா"ன்னாரு.

பையோட, கால்ல போட்ட சப்பாத்தோட வந்து தரையில உக்காந்தா. அவர் தொடையில தலைய வச்சா. பத்து வயசுக்கு அப்புறம் அவ அப்படிப் படுத்து நான் பாத்ததே இல்ல. அவர் தலையத் தடவிக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரம் தலைய இந்தப் பக்கம் வச்சா, அந்தப் பக்கம் வச்சா. அப்புறம் மொகத்தத் தூக்காமலே, "எலும்பு குத்துதுப்பா"ன்னா. அவர் ஒடம்பப் பத்தி ஏப்ரல்லேந்து அவ வாயிலேந்து வந்த மொத உண்மை அதுதான்.